அரசூரில் வருடம் 5.40 லட்சம், திருப்பூரில் கைக்கு 42,000: எது தேவலைங்க?

மின்பராமரிப்பு:

வணக்கமுங்க. டிப்ளமோ இ.இ.இ. முடித்து ஆறு வருடமாக ஃபேக்டரி எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் வேலை. வீடு அவிநாசி. இரண்டு இடத்தில் வேலை உறுதியாகியிருக்கிறது, பத்து நாளைக்குள் ஒன்றுக்குச் சரி சொல்ல வேண்டும்.

முதலாவது அரசூர் பக்கம் ஒரு பம்ப் கம்பெனி. சி.டி.சி. வருடம் 5,40,000. ஆஃபர் லெட்டரில் மாதக் கணக்கு இப்படி இருக்கிறது: அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 22,500, வீட்டு வாடகைப்படி 9,000, சிறப்புப்படி 5,718, கம்பெனி கட்டும் பி.எஃப். 2,700, கிராஜுவிட்டி (வேலையை விட்டு விலகும்போது தரும் பணிக்கொடை) 1,082, மெடிக்கல் இன்சூரன்ஸ் 1,500, வேரியபிள் (கூடக்குறைய வரக்கூடிய ஊக்கத்தொகை) 2,500. அவிநாசியிலிருந்து கம்பெனி பஸ் உண்டு, பணம் பிடிப்பதில்லை. கேன்டீனில் மதியச் சாப்பாடு 10 ரூபாய், இரண்டு வேளை டீ. இன்சூரன்ஸ் 5 லட்சம், அப்பா அம்மாவையும் சேர்த்துக்கொள்ளலாம். காலை 8.30 முதல் மாலை 5.30, மாதம் 24 நாள். கேஷுவல் லீவ் வருடம் 12.

இரண்டாவது திருப்பூர் அங்கேரிபாளையம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி. கைக்கு 42,000. அதில் 25,000 பேங்கில் போடுவார்கள், மீதி 17,000 வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ரொக்கம். பே ஸ்லிப்பில் அடிப்படை 22,000, வாடகைப்படி 5,000, பி.எஃப். பிடித்தம் 1,800. தீபாவளிக்கு 'ஒரு மாத' போனஸ் என்று வாயில்தான் சொன்னார்கள். காலை 9 முதல் இரவு 8.30 வரை, மாதம் 26 நாள். இன்சூரன்ஸ், பஸ், சாப்பாடு எதுவும் கிடையாது. லீவ் போட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. வீட்டிலிருந்து 14 கிலோமீட்டர், பைக்கில்தான் போக வேண்டும்.

வீட்டில் மனைவி, இரண்டு வயதில் குழந்தை, அப்பாவுக்கு 61, அம்மாவுக்கு 57. அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. 5.40 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் 45,000 வருகிறது, அப்படியானால் அரசூரே அதிகம் என்கிறார் அப்பா. எனக்கு அப்படித் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்க.

சம்பளப்பட்டியல்:

அப்பாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: சி.டி.சி.யைப் பன்னிரண்டால் வகுக்கவே கூடாது. அது கம்பெனிக்கு உங்களால் ஆகும் மொத்தச் செலவு. கைக்கு வருவது வேறு.

அரசூர் கணக்கில் மாதாமாதம் சம்பளமாக வருவது முதல் மூன்று வரிகள்தான்: 22,500 + 9,000 + 5,718 = 37,218. இதில் உங்கள் பங்கு பி.எஃப். 12 சதவீதம், அதாவது 2,700 போகும். தொழில் வரி அரையாண்டுக்கு அதிகபட்சம் 1,250, மாதத்துக்குச் சுமார் 208. கைக்கு 34,300 என்று வைத்துக்கொள்ளுங்கள். வருமான வரி கிடையாது. புதிய முறையில் 2025-26 நிதியாண்டு முதல் மாதச் சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை வரி வராது. ஆக திருப்பூர் கைக்கு மாதம் 7,700 அதிகம், வருடத்துக்கு 92,400. இதை அரசூர் எதைக் கொண்டு ஈடுகட்டுகிறது என்பதுதான் கேள்வி.

சலுகைக்கு விலை போட எளிய வழி ஒன்றுதான். அந்தச் சலுகை இல்லாவிட்டால் உங்கள் பாக்கெட்டிலிருந்து எவ்வளவு செலவாகும்? அதுதான் அதன் விலை. நீங்கள் பயன்படுத்தாத சலுகைக்கு மதிப்பு பூஜ்யம். எழுத்தில் இல்லாததற்கும் பூஜ்யம்.

பி.எஃப்.: அரசூரில் இரண்டு பங்கும் சேர்த்து மாதம் 5,400. திருப்பூரில் பி.எஃப். கணக்கிடும் சம்பளத்துக்கு உள்ள 15,000 உச்சவரம்புக்கு மட்டும் கட்டுகிறார்கள், இரண்டு பங்கும் 3,600. இரண்டிலும் கம்பெனி பங்கிலிருந்து 1,250 பென்ஷன் கணக்குக்குப் போய்விடும். மீதி உங்கள் பி.எஃப். கணக்கில் சேர்வது அரசூரில் 4,150, திருப்பூரில் 2,350. வித்தியாசம் மாதம் 1,800, வருடம் 21,600. 2024-25க்குக் கொடுத்த 8.25 சதவீத வட்டியே தொடர்ந்தால் ஐந்து வருடத்தில் இந்த வித்தியாசம் மட்டும் 1.3 லட்சத்தைத் தாண்டும். கைக்கு வரும் தொகையை இரண்டு பக்கமும் பி.எஃப். பிடித்த பிறகுதான் ஒப்பிட்டிருக்கிறோம், அதனால் இரண்டு பங்கின் வித்தியாசத்தையும் சேர்ப்பது சரியே.

இன்சூரன்ஸ்: கம்பெனி போடும் 1,500 ரூபாயைப் பார்க்காதீர்கள், குரூப் பாலிசி என்பதால் அவர்களுக்கு மலிவு. நீங்களே 61 வயது அப்பாவுக்கும் சர்க்கரை உள்ள அம்மாவுக்கும், உங்கள் மூவருக்கும் தனியாக வாங்கினால் என்ன ஆகும் என்று இரண்டு இடத்தில் விலை கேளுங்கள். கணக்குக்காக வருடம் 35,000 வைக்கிறேன்.

போக்குவரத்து: தினம் 28 கிலோமீட்டர், 26 நாள், மொத்தம் 728 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 ஓடினால் 16 லிட்டர். பெட்ரோல் 1,650 ரூபாய்க்கு மேல், சர்வீஸ், டயர், செயின் கிட் எல்லாம் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய். மாதம் 2,400, வருடம் 28,800.

சாப்பாடு: வீட்டிலிருந்து டப்பா கொண்டுபோகிறவராக இருந்தால் கேன்டீன் அவ்வளவு பெரிய விஷயமில்லை. மாதம் 1,000 போடுங்கள், வருடம் 12,000.

போனஸ்: அரசூர் வேரியபிள் வருடம் 30,000 முழுதாக வரும் என்று எண்ண வேண்டாம். 70 சதவீதம், 21,000. திருப்பூர் 'ஒரு மாதம்' என்றால் பே ஸ்லிப்பில் உள்ள அடிப்படை 22,000 என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே திருப்பூருக்கு 1,000 கூடுதல்.

கூட்டினால் 21,600 + 35,000 + 28,800 + 12,000 – 1,000 = 96,400. எதிர்ப்பக்கம் 92,400. தாளில் கிட்டத்தட்ட சமம். வீட்டில் ஐந்து பேருக்கும் வேறு வழியில் இன்சூரன்ஸ் இருந்தால் திருப்பூர் 31,000 முன்னால் போய்விடும். உங்கள் முடிவைத் தாங்குவது அந்த ஒரு இன்சூரன்ஸ் கணக்குதான், அதனால் அந்தப் பாலிசியைக் கையில் வாங்கிப் படிக்காமல் சரி சொல்லாதீர்கள்.

கிராஜுவிட்டியை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். கடைசி அடிப்படைச் சம்பளம் × 15 ÷ 26 × வருடம் என்பது கணக்கு. அரசூரில் வருடத்துக்கு 12,981, திருப்பூரில் 12,692. பெரிய வித்தியாசம் இல்லை. நிரந்தர வேலையில் ஐந்து வருடம் முடிக்காமல் விலகினால் இரண்டு இடத்திலும் கிடையாது; ஆனால் அரசூர் அதை மாதம் 1,082 என்று உங்கள் சி.டி.சி.யில் காட்டிக்கொண்டே இருக்கும்.

நொய்யல்கரை:

மேலே அண்ணன் போட்ட கணக்கு சரிங்க. ரெண்டு விசயம் அதுல விட்டுப்போச்சு.

ஒண்ணு லீவ். குழந்தை இருக்குற ஊடு, வருசத்துக்கு 12 நாள் லீவ் போடாம இருக்க முடியாதுங்க. காய்ச்சல், கல்யாணம், கோயில் நோம்பி, காடு கரை வேலைன்னு வந்துட்டே இருக்கும். அரசூர்ல அது சம்பளத்தோட லீவ். திருப்பூர்ல 42,000 ÷ 26 = ஒரு நாளைக்கு 1,615 ரூபாய் போகும். 12 நாளைக்கு 19,400. இதையும் சேர்த்தா அரசூர் 23,400 முன்னால வந்துருது. ஃபேக்டரியில 20 நாள் வேலைக்கு 1 நாள் சம்பளத்தோட லீவ்ங்கிறது சட்டம். மெயின்டனன்ஸ்ல நிக்கிற ஆளுக்கு அதைக் கொடுக்குறாங்களான்னு கேளுங்க.

ரெண்டாவது நேரம். இதை யாரும் கணக்குப் போடறதில்லைங்க. அரசூர்ல 9 மணி நேரம், பஸ்ல போக வர ஒன்றரை மணி நேரம், 24 நாள். மொத்தம் 252 மணி நேரம். 34,300ஐ வகுத்தா மணிக்கு 136 ரூபாய். திருப்பூர்ல பதினொன்றரை மணி நேரம், போக வர ஒரு மணி நேரம், 26 நாள், 325 மணி நேரம். பெட்ரோல் செலவு போக 39,600ஐ வகுத்தா மணிக்கு 122தான் வருது. அதிகச் சம்பளம்னு நெனைக்கிறது அதிக நேரத்துக்கான காசுங்க, அதுவும் குறைஞ்ச ரேட்டுல. மெயின்டனன்ஸ் ஆளுன்னா ராத்திரி ரெண்டு மணிக்குக் கம்ப்ரஸர் நின்னுபோச்சு, ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகலைன்னு போன் வரும். அந்த நேரத்துக்குக் காசா, மாத்து லீவா, ஒண்ணுமில்லையான்னு கேட்டுக்கோங்க. தொழிலாளிக்கு ஓவர்டைம்னா ரெட்டிப்புக் கூலி, அது சட்டம். உங்களை 'இன்ஜினியர்', 'இன்சார்ஜ்'னு மேற்பார்வைப் பதவியில போட்டா அது கிடைக்காது. அப்பாயின்மென்ட் ஆர்டர்ல பதவிப் பேரைப் பாருங்க.

இப்ப அந்த 17,000 வவுச்சர். எனக்கு இது சுத்தமாப் புடிக்கலைங்க, ஏன்னு சொல்றேன்.

வரி மிச்சம்னு உங்ககிட்டச் சொல்லியிருப்பாங்க. 42,000 × 12 = 5.04 லட்சம். மொத்தத்தையும் பேங்க்ல போட்டாலும் உங்களுக்கு ஒரு ரூபாய் வரி வராது. அப்ப மிச்சம் யாருக்கு? கம்பெனிக்கு. கிராஜுவிட்டி, லீவ் சம்பளம், போனஸ், நாளைக்கு கணக்கு முடிக்கிறது எல்லாமே பே ஸ்லிப்புல இருக்குற தொகைக்குத்தான். ஒரே நாள்ல ஒருத்தருக்கு 10,000க்கு மேல ரொக்கமாக் கொடுத்தா அந்தச் செலவை வரிக் கணக்குல அவங்க கழிக்க முடியாது. அதனால உங்க 17,000 ரெண்டு மூணு வவுச்சராப் பிரியும், சில இடத்துல உங்க பேர்லயே இருக்காது. அப்படியிருந்தா நீங்க அந்தக் காசை வாங்கினதுக்கே அத்தாட்சி இல்லை.

வீட்டு லோனுக்குப் போனா பேங்க் பார்க்கிறது 25,000ஐத்தான். பாதியை இ.எம்.ஐ.க்குன்னு வச்சா 12,500. எட்டரை வட்டி, 20 வருசம்னா லட்சத்துக்கு 868 ரூபாய் இ.எம்.ஐ.; 14.4 லட்சம்தான் தேறும். அரசூர் 34,300ல பாதி 17,150, அதுக்கு 19.7 லட்சம் வரும். கம்மிச் சம்பளத்துக்கு அஞ்சு லட்சம் லோன் கூட.

அடுத்த வேலைக்குப் போகும்போதும் இதே கதைதானுங்க. மூணு மாச பே ஸ்லிப்பும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் கேப்பாங்க. அதுல 27,000தான் இருக்கும். அது மேல 20 சதவீதம் கூடப் போட்டாலும் 32,400. நீங்க இப்ப கைக்கு வாங்கறதை விடக் கம்மி.

ஆர்டர் குறைஞ்சா மொதல்ல கை வைக்கிறதும் அங்கதான். 2025 ஆகஸ்ட் கடைசியில அமெரிக்கா 50 சதவீத வரி போட்டப்ப திருப்பூர் ஆர்டர் பாதிச்சது எல்லாருக்கும் தெரியும். பே ஸ்லிப்புல இருக்குற சம்பளத்தைக் குறைக்கக் கம்பெனிக்கு நடைமுறை இருக்குது. வவுச்சரைக் குறைக்க எந்த நடைமுறையும் வேண்டியதில்லை.

திருப்பூர்னாலே இப்படின்னு யாரும் எடுத்துக்க வேண்டாமுங்க. முழுச் சம்பளத்தையும் பேங்க்ல போட்டு, பஸ், குழந்தைகள் காப்பகம், கேன்டீன்னு நடத்தற எக்ஸ்போர்ட் கம்பெனிகள் நிறைய இருக்குது. வெளிநாட்டு பையர் ஆடிட் வர்ற இடங்கள்ல இது கண்டிப்பா இருக்கும். நீங்க பேசுறது அந்த மாதிரி இடமான்னு பாருங்க.

காப்பீடு_கோவை:

சம்பளப்பட்டியல் 35,000 வைத்திருக்கிறார். அந்த 35,000 நிஜமா இல்லையா என்பது பாலிசியின் நாலு இடத்தில் இருக்கிறது. எச்.ஆரிடம் 'இன்சூரன்ஸ் இருக்கா' என்று கேட்டால் இருக்கு என்பார்கள். பாலிசி ஷெட்யூலின் நகலைக் கேளுங்கள்.

அம்மாவின் சர்க்கரை முதல் நாளிலிருந்தே கவர் ஆகிறதா? குரூப் பாலிசியில் பெரும்பாலும் ஆகும், அதுதான் அதன் பெரிய பலம். தனியாக வாங்கினால் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம்.

அறை வாடகை வரம்பு. 'காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம்' என்று இருந்தால் 5 லட்சத்துக்கு நாளுக்கு 5,000. நீங்கள் 8,000 ரூபாய் அறையில் சேர்த்தால் வாடகை வித்தியாசம் 3,000 மட்டும் போகும் என்று நினைப்பார்கள். அப்படியில்லை. டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்ஸிங் எல்லாவற்றையும் எட்டில் ஐந்து பங்காகக் குறைத்துத்தான் கொடுப்பார்கள். 2 லட்சம் பில்லில் அந்த வகைச் செலவு 1.6 லட்சமாக இருந்தால் 60,000 உங்கள் தலையில். கோவையில் பெரிய ஆஸ்பத்திரிகளில் சேர்க்கும் முன்பே எந்த அறைக்கு வரம்பு சரிவரும் என்று இன்சூரன்ஸ் டெஸ்க்கில் கேட்க வேண்டும்.

பெற்றோருக்குத் தனி உச்சவரம்பும் கோ-பேயும். 5 லட்சம் என்பது குடும்பத்துக்கு, பெற்றோருக்கு அதில் 2 லட்சம்தான், அதிலும் 20 சதவீதம் நாம் கட்ட வேண்டும் என்று சின்ன எழுத்தில் இருக்கும். அப்படி இருந்தால் 35,000 என்ற மதிப்பைப் பாதியாகக் குறையுங்கள். பெற்றோருக்கான பிரீமியத்தைச் சம்பளத்தில் பிடிக்கும் கம்பெனிகளும் உண்டு, அதையும் கேளுங்கள்.

சேரும் தேதி. வேலையில் சேர்ந்ததும் குறித்த நாட்களுக்குள் குடும்பத்தார் பெயரைக் கொடுக்காவிட்டால் அடுத்த புதுப்பிப்பு வரை பெற்றோரைச் சேர்க்க மாட்டார்கள். ஆதாரில் உள்ள பிறந்த தேதியும் ஃபார்மில் உள்ளதும் ஒன்றாக இருக்கட்டும், கேஷ்லெஸ் அங்கேதான் நிற்கும்.

வேலையை விட்ட அன்றைக்கு இந்தப் பாதுகாப்பு முடிந்துவிடும். அதனால் அரசூரே போனாலும் உங்களுக்கும் மனைவி குழந்தைக்குமாவது ஒரு சிறிய தனிப் பாலிசி எடுத்து வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம், அதற்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும்.

கடன்_கணக்கு:

எல்லோரும் அரசூர் பக்கமே நிற்கிறீர்கள். ஒரு நிலைமையில் திருப்பூர்தான் சரி.

கேட்டவருக்கு வெளியில் இரண்டு வட்டிக் கடன் இருந்தால் பி.எஃப். 8.25 சதவீதம் என்று மகிழ்வதில் அர்த்தமில்லை. மாதம் இரண்டு வட்டி என்றால் வருடம் 24. மூன்று லட்சம் கடனுக்கு மாதம் 6,000 வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் அசல் அப்படியே நிற்கும். திருப்பூரின் கூடுதல் 7,700இல் பைக் செலவு 2,400 போக 5,300ஐ அசலில் சேர்த்து மாதம் 11,300 கட்டினால் சுமார் 38 மாதத்தில் கடன் தீரும். கடன் உள்ளவருக்குக் கையில் வரும் பணமே முதல் சலுகை.

இன்னொன்று, நீங்கள் இரண்டு வருடத்தில் இன்னொரு ஊருக்கோ வெளிநாட்டுக்கோ போவதாக இருந்தால் நீண்ட நாள் சலுகைகள் எதுவும் கைக்கு வராது. பென்ஷனுக்கு 10 வருட சர்வீஸ் வேண்டும். கிராஜுவிட்டிக்கு ஐந்து.

நொய்யல்கரை:

கடன்_கணக்கு சொல்றது நியாயமுங்க. ஆனா அந்த மூணு லட்சத்தை ரெண்டு வட்டியிலேயே விட்டு வைக்கணும்னு இல்லை. முழுச் சம்பளமும் பேங்க்ல வர்ற ஆளுக்கு நகைக் கடனோ பெர்சனல் லோனோ அதுல பாதி வட்டிக்குக் கிடைக்கும். வவுச்சர்ல வாங்கற ஆளுக்குத்தான் வட்டிக்கடையே கதின்னு ஆகுது.

பெருந்துறை_சிப்காட்:

இடையில் ஒரு கேள்வி, மன்னிச்சுக்கோங்க. தங்கச்சி இங்கே ஒரு மில்லில் 20,500க்கு இருக்கிறாள், இ.எஸ்.ஐ. (அரசின் தொழிலாளர் காப்பீடு) உண்டு. பக்கத்தில் இன்னொரு கம்பெனி 22,500 தருகிறது, இ.எஸ்.ஐ. கிடையாது என்கிறார்கள். கல்யாணம் ஆகி எட்டு மாதம். மாறலாமா?

சம்பளப்பட்டியல்:

தங்கைக்கு இது சம்பளக் கணக்கு மட்டுமில்லை. இ.எஸ்.ஐ.யின் உச்சவரம்பு 21,000. அதைத் தாண்டினால் வெளியே. எந்தெந்தப் படிகள் அந்த 21,000க்குள் சேரும் என்பதைப் புதிய கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள், ஓவர்டைம் அதில் சேராது. சில கம்பெனிகள் இ.எஸ்.ஐ. கட்ட வேண்டிய ஆளுக்கும் கட்டாமல் 'உங்களுக்கு வராது' என்று சொல்லிவிடும்.

இப்போது அவர் கட்டுவது 0.75 சதவீதம், மாதம் 154 ரூபாய். கம்பெனி 3.25 சதவீதம் கட்டுகிறது. அதற்குக் கிடைப்பது: அவருக்கும் கணவருக்கும் மருத்துவம், அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் உண்டு. நோய் விடுப்பில் 70 சதவீதச் சம்பளம் வருடத்துக்கு 91 நாள் வரை. பிரசவத்துக்கு 26 வாரம், முழுச் சம்பளம், இ.எஸ்.ஐ.யே கொடுக்கும். 20,500 வீதம் கிட்டத்தட்ட 1.23 லட்சம். கடைசி இரண்டு பங்களிப்புக் காலத்தில் 70 நாள் சந்தா இருந்தால் போதும்.

மாறினால் மாதம் 2,154 கூட, வருடத்துக்கு 25,800. புதிய கம்பெனியிலும் மகப்பேறு சட்டப்படி 26 வாரம் உண்டு, பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். ஆனால் அங்கே அந்தப் பணத்தை முதலாளி தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். சிக்கல் அங்கேதான். இ.எஸ்.ஐ. கொடுக்கும்போது முதலாளிக்கு வருத்தமில்லை. கைக்காசு என்றால் ஐந்தாம் மாதமே 'ரிசைன் பண்ணிட்டு அப்புறமா வாம்மா' என்று பேச்சு வரும். அடுத்த ஒன்றரை வருடத்துக்குள் குழந்தை என்ற எண்ணம் இருந்தால் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.

இன்னொரு விவரம். ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று இரண்டு பங்களிப்புக் காலம். ஒரே கம்பெனியில் நடுவில் சம்பளம் 21,000ஐத் தாண்டினாலும் அந்தக் காலம் முடியும் வரை இ.எஸ்.ஐ. தொடரும். சம்பள உயர்வு ஏப்ரலில் வருவதா மே மாதத்தில் வருவதா என்பதில்கூட ஐந்து மாதப் பாதுகாப்பு இருக்கிறது.

பெருந்துறை_சிப்காட்:

ரொம்ப நன்றிங்க அண்ணா. தங்கச்சிகிட்ட அப்படியே சொல்லிடறேன்.

மின்பராமரிப்பு:

எல்லோருக்கும் நன்றிங்க. வெளிக்கடன் எதுவும் இல்லை. எச்.ஆரிடம் பாலிசி நகல் கேட்டு வாங்கிவிட்டேன்: அம்மாவின் சர்க்கரை முதல் நாளிலிருந்து கவர், பெற்றோருக்கு 3 லட்சம், கோ-பே 10 சதவீதம், அறை வாடகை 5,000. திருப்பூர்க்காரர்களிடம் முழுத் தொகையையும் பேங்கில் போடச் சொல்லிக் கேட்கலாமா? எப்படிக் கேட்பது? அப்புறம் அரசூரில் கையெழுத்துப் போடும் முன்பு வேறு எதைப் பார்க்க வேண்டும்?

நொய்யல்கரை:

தாராளமாக் கேளுங்க தம்பி. சண்டை மாதிரி இல்லாம, "வீட்டு லோன் எடுக்கப் போறேன், பேங்க்ல முழுச் சம்பளமும் வந்தாத்தான் ஆகும். மொத்தம் 42,000 அப்படியே இருக்கட்டும், பி.எஃப். நீங்க இப்பக் கட்டற மாதிரி 15,000க்கே கட்டுங்க"ன்னு சொல்லுங்க. பி.எஃப். செலவு அவங்களுக்கு ஒரு ரூபாய்கூட ஏறாது. அதுக்கும் முடியாதுன்னு சொன்னா, அந்த 17,000ஐ எப்ப வேணா நிறுத்தறதுக்குன்னே தனியா வச்சிருக்காங்கன்னு அர்த்தம். சரின்னு சொன்னா போனஸ் எந்தத் தொகைக்கு, லீவ் எத்தனை நாள்னும் சேர்த்து ஆர்டர்ல எழுதி வாங்குங்க. அப்ப திருப்பூரையும் மறுபடி கணக்குப் போடலாம்.

ரெண்டு கம்பெனியையும் பி.எஃப். இணையதளத்துல 'எஸ்டாப்ளிஷ்மென்ட் சர்ச்'ல போட்டுப் பாருங்க. மாசாமாசம் எத்தனை பேருக்கு, எந்தத் தேதிக்குக் கட்டியிருக்காங்கன்னு வரும். 300 பேர் வேலை செய்யற இடத்துல 60 பேருக்குத்தான் கட்டுறாங்கன்னா புரிஞ்சுக்கலாம். அடுத்த மாசம் 15ஆம் தேதிக்குள்ள கட்டணும். நாலு மாசம் சேர்த்து ஒண்ணாக் கட்டற கம்பெனி பண நெருக்கடியில இருக்குன்னு அர்த்தம். திருப்பூர்ல அந்த 1,800 உங்க பங்கு மட்டுமா, இல்ல கம்பெனி பங்கையும் சேர்த்து உங்ககிட்டயே பிடிக்கிறாங்களான்னும் கேளுங்க. அப்படிப் பிடிக்கிறது சட்டப்படி தப்பு, ஆனா நடக்குது.

சம்பளப்பட்டியல்:

பெற்றோருக்கு 3 லட்சம், 10 சதவீதம் கோ-பே என்றால் நான் வைத்த 35,000ஐ 25,000 ஆக்குங்கள். லீவ் கணக்கையும் சேர்த்த பிறகு அரசூர் 13,400 முன்னால் நிற்கிறது, அதுவும் மாதம் 70 மணி நேரத்துக்கு மேல் குறைவாக உழைத்து. நானாக இருந்தால் அரசூர்.

கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை: வேரியபிள் எந்த மாதம் கொடுக்கப்படும், அந்தத் தேதியில் வேலையில் இருந்தால்தான் உண்டா என்ற வாசகம். பிப்ரவரியில் ரிசைன் செய்தவருக்கு ஜூனில் கொடுக்கும் வேரியபிள் வராது. நோட்டீஸ் காலம் எத்தனை நாள், அதைப் பணமாகக் கட்டி விலகலாமா, கட்டினால் அடிப்படைச் சம்பளத்துக்கா மொத்தத்துக்கா. தகுதிகாண் காலத்திலும் இன்சூரன்ஸ், லீவ், பஸ் உண்டா. 'குறைந்தது இரண்டு வருடம்' என்று பாண்ட் இருந்தால் தொகை எவ்வளவு. டிப்ளமோ ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால் சம்மதிக்காதீர்கள். காட்டிவிட்டு நகல் கொடுங்கள்.

பஸ் நேரத்தையும் கேளுங்கள். பிரேக்டவுன் வந்து 5.30 பஸ்ஸை விட்டால் அரசூரிலிருந்து அவிநாசிக்கு நீங்களாகத்தான் வர வேண்டும். மெயின்டனன்ஸ் ஆளுக்கு அது மாதத்தில் நாலைந்து நாள் நடக்கும். இரவு 8 மணிக்கு இரண்டாவது பஸ் இருக்கிறதா, இல்லை டவுன் பஸ் செலவைத் தருவார்களா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். பழைய கம்பெனியில் விலகிய தேதியை உங்கள் யு.ஏ.என். (பி.எஃப்.க்கான நிரந்தர எண்) கணக்கில் ஏற்றச் சொல்லிவிட்டு வாருங்கள். அது ஏறாமல் விட்டால் பழைய பி.எஃப். பணத்தைப் புதிய கணக்குக்கு மாற்றும்போது மாட்டிக்கொள்ளும், பி.எஃப்.க்கான ஐந்து வருடத் தொடர் சர்வீஸ் கணக்கும் பாதிக்கும்.